பாதித் தலையிடியும் ஒரு கோப்பைக் கஷாயமும்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாதம் தவறாமல் வரும் தலையிடியால் நீ யன்னலைச் சாத்திக்கொண்டு இருட்டில் படுத்துக் கிடப்பதையும், மூத்தவள் மாதவிடாயின் முதல் நாளில் பாடசாலைக்குப் போக முடியாமல் வயிற்றுக்குத்தில் சுருண்டுவிடுவதையும் எழுதியிருந்தாய். இரண்டையும் ஒரே உடம்பில் இருபது வருடமாகச் சுமப்பவள் நான் என்பதால், ஆயுர்வேதம் பயன்படுமா என்ற உன் கேள்விக்குப் பட்டறிந்ததையே எழுதுகிறேன்.

சென்ற வருடம் பொரளை ஆயுர்வேத வைத்தியசாலைக்குப் போனேன். வரிசை நீண்டிருந்தும் அந்த வைத்தியர் அவசரப்படவில்லை. எந்தப் பக்கம் இடிக்கிறது, வெயில் ஏற ஏறக் கூடுகிறதா, சாப்பாடு பிந்தினால் வருகிறதா, மலம் ஒழுங்காகக் கழிகிறதா, மாதவிடாய்க்கு எத்தனை நாள் முன்னர் தொடங்குகிறது என்று கேட்டுக்கொண்டே போனார். மைக்ரேன் எனப்படும் இந்தத் தலையிடிக்குச் சிங்களத்தில் 'இருவாரதய' என்று பெயர். 'இரு' என்றால் சூரியன். சூரியனோடு ஏறி இறங்கும் தலைவலியைச் 'சூரியாவர்த்தம்' என்றும், பாதித் தலையைப் பிளப்பதை 'அர்த்தாவபேதகம்' என்றும் பழைய ஆயுர்வேத நூல்கள் பிரித்துச் சொல்கின்றனவாம். என் நோய்க்கு ஒரு பெயர் கிடைத்ததே எனக்குப் பாதி நிம்மதி.

அவர் முதலில் தந்தது மருந்தல்ல. மூன்று மாதத்துக்கு ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் திகதியிட்டுக் குறிக்கச் சொன்னார். குறித்துப் பார்த்தால், வந்த ஒன்பது தலையிடிகளில் ஏழு, மாதவிடாய்க்கு இரண்டு நாள் முன்னரிலிருந்து மூன்றாம் நாளுக்குள் விழுந்திருந்தன. அந்த நாட்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோர்மோனின் சுரப்பு சடுதியாகக் குறைவதே இதற்குக் காரணம் என்கிறது மேலை மருத்துவம். கீழ்நோக்கிப் போகவேண்டிய அபான வாயு மேல்நோக்கித் திரும்புவதால் மாதவிடாய் வலி உண்டாகிறது என்றும், உதிரம் வெளிப்பட்டவுடன் அது தணியும் என்றும் பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை 'உதாவர்த்தினி' என்ற பெயரில் சொல்கிறது. இரண்டு விளக்கங்களும் ஒன்றல்ல, ஒன்றாக்கவும் நான் முயலவில்லை. ஆனால் இரண்டாவது, என் வயிற்றை அருகிலிருந்து பார்த்து எழுதியதுபோல் இருந்தது.

பிறகுதான் மருந்து. கடுக்காய், தான்றிக்காய், நெல்லி, நிலவேம்பு, மஞ்சள், வேம்பு, சீந்தில் சேர்ந்த பத்தியாதி கஷாயம்; எட்டுக் கோப்பைத் தண்ணீர் விட்டு ஒரு கோப்பையாக வற்றவேண்டும். வீடு முழுவதும் கசக்கும்! பக்கத்து வீட்டு அக்கா மாடிப்படியில் நின்று யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டார். அதோடு ஏழு நாள் நசியம். முகத்தில் எண்ணெய் தடவி ஒத்தடம் கொடுத்து, தலையைப் பின்னே சாய்த்து, இளஞ்சூடான அணு தைலத்தை மூக்கில் துளித்துளியாக விடுவார்கள். கண் கலங்கும், தொண்டைக்குள் இறங்குவதை விழுங்காமல் துப்பிவிட வேண்டும். தலையிடி அறவே நின்றுவிடவில்லை. இப்போது மாதத்துக்கு ஒன்று, அதுவும் அரை நாளில் விட்டுப்போகிறது. கஷாயத்தாலா, நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்கு உறங்கியதாலா என்று கேட்டால், இரண்டாவதன் பங்கு குறைவில்லை என்றே சொல்வேன்.

வயிற்றுக்குத்துக்கு நம் அம்மம்மாமார் செய்ததையே அவரும் சொன்னார்: அடிவயிற்றில் நல்லெண்ணெய் தடவிச் சுடுதண்ணீர் ஒத்தடம், வேர்க்கொம்பு (சுக்கு) தட்டிப்போட்ட குடிநீர். கருப்பையை இறுக்கும் புரொஸ்டாகிளாண்டின் என்ற பொருளே அந்த வலிக்குக் காரணம். இஞ்சி அதன் உற்பத்தியைக் குறைக்கக்கூடும் என்கிறார்கள். 2009இல் வெளிவந்த ஈரானிய ஆய்வொன்றில் இஞ்சித்தூள், மெஃபனமிக் அசிட் என்ற வலிநிவாரணி வில்லைக்கு ஈடாக வலியைத் தணித்திருந்தது. ஆனாலும் முதல் நாளில் நான் அந்த வில்லையையும் போடுகிறேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தலையிடிக்கு மாத்திரம் வில்லையை எண்ணிப் போடு. மாதத்தில் 15 நாள் வலிநிவாரணி எடுத்தால், அதுவே தலையிடியைத் தொடர வைத்துவிடும்.

ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். பொரளைக்குப் போவதற்கு முன், தெரிந்தவர் சொன்னாரென்று ஒரு மருந்துக்கடையில் பெயரில்லாத கறுப்பு உருண்டைகளை வாங்கி ஒரு மாதம் விழுங்கினேன். என்ன சேர்ந்தது என்று கேட்டதற்கு 'பரம்பரை இரகசியம்' என்றார்கள். உலோகம் சேர்த்துச் செய்யும் ரச மருந்துகளில் பாதரசம், ஈயம் போன்றவை இருக்கக்கூடும் என்பதைப் பின்னர் அறிந்து, மிச்சத்தைக் குப்பையில் போட்டேன். பெயரும் உட்பொருளும் எழுதாத எதையும் பிள்ளைக்குக் கொடுக்காதே.

அவளுக்கு வலி வருடத்துக்கு வருடம் கூடினாலோ, மாதவிடாய் முடிந்தும் நீடித்தாலோ, கஷாயத்துக்கு முன் பெண்நோயியல் நிபுணரிடம் காட்டு. கருப்பையின் உட்படலம் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய் இப்படித்தான் பல வருடம் 'சாதாரண வயிற்றுக்குத்து' என்ற பெயரில் ஒளிந்துகொள்கிறது. உனக்குத் தலையிடிக்கு முன் கண்ணில் மின்னல் கோடுகள் தெரிவதாக எழுதியிருந்தாயே, அதையும் வைத்தியரிடம் சொல். அப்படிப்பட்டவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை வில்லை பக்கவாத ஆபத்தைக் கூட்டும்.

தை மாதம் வருவதாகச் சொன்னாய். இன்றிலிருந்தே இருவரும் ஆளுக்கொரு கொப்பியில் குறித்துக்கொண்டு வாருங்கள். பொரளைக்குச் சேர்ந்தே போவோம். இரவு ரயிலில் வந்தால் காலைச் சாப்பாட்டைத் தவறவிடாதே. இடியப்பமும் சொதியும் செய்து வைத்திருப்பேன்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழி