படம் தொடங்கும்போதே அந்தப் பெயர்களைப் போடுங்கள்

மார்வெல் ஸ்டூடியோஸ், டி.சி. ஸ்டூடியோஸ், சோனி பிக்சர்ஸ் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

நீங்கள் எடுக்கும் சூப்பர் ஹீரோ படங்களை இருபது வருடங்களுக்கும் மேலாகத் தியேட்டரில் பார்த்து வருகிறேன். நல்ல படம், சுமாரான படம் என்று பாராமல் எல்லாவற்றுக்கும் வந்திருக்கிறேன். காமிக்ஸையும் அதே ஆசையோடு படிக்கிறேன். ஹீரோவின் உடை நிறம் மாறிவிட்டது, கதையில் இல்லாத பாத்திரம் வந்துவிட்டது என்று சண்டை போட இதை எழுதவில்லை. அவை எனக்குப் பெரிய விஷயமே அல்ல. எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. அதற்குக் காரணமான காட்சியிலிருந்தே தொடங்குகிறேன்.

2017-இல் வந்த 'ஸ்பைடர்-மேன்: ஹோம்கமிங்' படத்தில் வில்லன் வல்ச்சர் ஒரு கட்டடத்தையே ஸ்பைடர்-மேனான பீட்டர் பார்க்கர் மேல் சரித்துவிட்டுப் போய்விடுவான். அந்தப் பையன் இடிபாடுகளுக்கு அடியில் கிடந்து, யாராவது காப்பாற்றுங்கள் என்று கத்துவான். எதிரில் தேங்கிய தண்ணீரில் அவன் முகம் பாதியும் முகமூடி பாதியுமாகத் தெரியும். அதைப் பார்த்துத் தன்னைத்தானே உசுப்பிக்கொண்டு மெதுவாக எழுவான். தியேட்டரில் கைதட்டல் அடங்கவே இல்லை. என் கண் நிறைந்திருந்தது. அந்தக் காட்சியை நான் ஏற்கெனவே காகிதத்தில் பார்த்திருந்தேன்.

1966 பிப்ரவரி தேதியிட்ட 'அமேசிங் ஸ்பைடர்-மேன்' 33-ஆம் இதழ். தண்ணீருக்கு அடியில் இருக்கும் ஒரு மறைவிடத்தில் மலை போன்ற இயந்திரம் ஒன்று பீட்டர் மேல் விழுந்து கிடக்கிறது. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, பிறகு ஒழுகுகிறது, பிறகு கொட்டுகிறது. மே அத்தையின் உயிரைக் காப்பாற்றும் மருந்து கைக்கு எட்டாத தூரத்தில் கிடக்கிறது. அவன் முயல்கிறான், முடியவில்லை. மறுபடி முயல்கிறான். அவன் கொஞ்சம் கொஞ்சமாக எழ எழ, பக்கத்தில் கட்டங்களும் பெரிதாகிக்கொண்டே போகின்றன. கடைசியில் ஒரு முழுப் பக்கம். இயந்திரம் தலைக்கு மேலே, தண்ணீர் சுற்றிலும் தெறிக்க, அவன் நிமிர்ந்து நிற்கிறான். இதழின் முதல் ஐந்து பக்கங்களும் இதற்கே போய்விடுகின்றன. ஒருவன் எழுந்து நிற்பதற்கு ஐந்து பக்கம்! வசனம் ஸ்டான் லீ. கதையை யோசித்து, பக்கத்தைப் பிரித்து, வரைந்தவர் ஸ்டீவ் டிட்கோ.

உங்கள் படம் அந்தப் பக்கங்களை அப்படியே படியெடுக்கவில்லை. அத்தையும் மருந்தும் அங்கே இல்லை. 'இந்த உடை இல்லாமல் நீ ஒன்றுமில்லை என்றால், இது உனக்குக் கிடைக்கவே கூடாது' என்று அயர்ன் மேன் டோனி ஸ்டார்க் சொன்னதுதான் அந்தப் பையனின் மனதில் இருக்கிறது. ஏன் எழ வேண்டும் என்பதை மாற்றினீர்கள். எழுவது எவ்வளவு கஷ்டம் என்பதை மாற்றவில்லை. காமிக்ஸைப் படமாக்குவது என்றால் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பழைய பக்கங்களை எடுத்து என் அக்கா மகனுக்குக் காட்டினேன். அவன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "படத்தைப் பார்த்து நல்லா வரைஞ்சிருக்காங்க மாமா" என்றான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. டிட்கோ அப்போது நியூயார்க்கில் உயிரோடுதான் இருந்தார், வயது 89. அடுத்த வருடம் ஜூன் மாதம் இறந்துபோனார். ஸ்டான் லீயோடு சேர்த்து டிட்கோவின் பெயரையும் ஸ்பைடர்-மேனைப் படைத்தவர் என்று நீங்கள் படத்தில் போடுகிறீர்கள். மறுக்கவில்லை. ஆனால் அந்த ஐந்து பக்கங்களிலிருந்துதான் உங்கள் படத்தின் உச்சக்காட்சி வந்தது என்று அந்தப் பையனுக்கு எங்கிருந்து தெரியும்?

இன்னொரு காட்சியையும் சொல்ல வேண்டும். அதே 'அமேசிங் ஸ்பைடர்-மேன்' வரிசையில், 1973 ஜூன் தேதியிட்ட 121-ஆம் இதழில் பீட்டரின் காதலி க்வென் ஸ்டேசி இறந்துபோகிறாள். வில்லன் கிரீன் காப்ளின் அவளைப் பாலத்திலிருந்து தள்ளிவிடுகிறான். ஸ்பைடர்-மேன் வலையை வீசிக் காலைப் பிடித்துவிடுகிறான். அவள் கழுத்தருகே 'ஸ்னாப்' என்று சின்னதாக ஒரு சத்தம் எழுதியிருக்கும். காப்பாற்ற வீசிய வலைதான் அவளைக் கொன்றதா என்று ரசிகர்கள் இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறோம். (வசனத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம், ஓவியத்தில் இருப்பதோ புரூக்ளின் பாலம் போல இருக்கும். அதையும் விடாமல் பேசுவோம்.) எழுதிய ஜெரி கான்வேக்கு அப்போது இருபது வயது. பென்சிலில் வரைந்தவர் கில் கேன். மை தீட்டியவர்களில் முக்கியமானவர் ஜான் ரொமீட்டா.

அந்தக் காட்சி 2014-இல் 'தி அமேசிங் ஸ்பைடர்-மேன் 2' படத்தில் மணிக்கூண்டுக்குள் நடந்தது. ஸ்பைடர்-மேனாக நடித்த ஆண்ட்ரூ கார்ஃபீல்டு வீசிய வலை ஒரு கை போல விரல் விரித்துக் கீழே போனது. படம் மொத்தத்தில் சிதறிப்போன படம், ஒன்றில் மூன்று படத்துக்கான சரக்கைத் திணித்திருந்தீர்கள். ஆனாலும் அந்த ஒரு நிமிடம் நிஜம். அப்புறம் 2021-இல் 'ஸ்பைடர்-மேன்: நோ வே ஹோம்'. விழுந்துகொண்டிருக்கும் எம்.ஜே. என்ற பெண்ணை அதே கார்ஃபீல்டு பாய்ந்து பிடித்துத் தரையில் இறக்கிவிட்டு, நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்கிறார். கேட்கும்போதே அவர் முகம் உடைகிறது. இருபது வயதுப் பையன் எழுதிய ஒரு பக்கத்தின் காயம் 48 வருடம் கழித்து அங்கே ஆறுகிறது. உலகத்தில் எந்தத் தியேட்டரிலும் அந்த இடத்தில் யாரும் சும்மா இருந்திருக்க மாட்டார்கள். அவர்களில் எத்தனை பேருக்குக் கான்வே, கேன், ரொமீட்டா என்ற பெயர்கள் தெரியும்?

இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. நாங்கள் பழைய புத்தகக் கடையில் முத்து காமிக்ஸைத் தேடிப் பிடித்துப் படித்து வளர்ந்தவர்கள். 1972-இல் அந்த வரிசையைத் தொடங்கிவைத்த இரும்புக்கை மாயாவியை எங்களுக்கு அவ்வளவு நன்றாகத் தெரியும். மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும் அந்த ஓவியம் இன்றும் கண்ணில் நிற்கிறது. அதை வரைந்தவர் பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ என்று எனக்குத் தெரிந்தபோது எனக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. என் சிறுவயதின் பாதியைக் கொடுத்த மனிதரின் பெயர் தெரியாமலே அத்தனை வருடம் இருந்திருக்கிறேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

உங்கள் துறையின் வரலாறு உங்களுக்குத் தெரியாததல்ல. 1938-இல் ஜெரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் தாங்கள் படைத்த சூப்பர்மேனின் உரிமையை 130 டாலருக்குக் கொடுத்தார்கள். 1975-இல், சூப்பர்மேனைப் பெரும் செலவில் படமாக்கப்போகும் செய்தி வந்தபோது, ஷூஸ்டருக்குக் கண் பார்வை மங்கிப்போயிருந்தது. சீகல் எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நீல் ஆடம்ஸ், ஜெரி ராபின்சன் போன்ற சக ஓவியர்கள் போராடியதால்தான் டி.சி.யின் உரிமையாளரான வார்னர் நிறுவனம் ஆளுக்கு வருடத்துக்கு 20,000 டாலர் தரச் சம்மதித்தது, படைத்தவர்கள் என்று அவர்கள் பெயரையும் திரும்பப் போட்டது.

பில் ஃபிங்கருக்கு அதுவும் கிடைக்கவில்லை. பாப் கேன் முதலில் வரைந்த பேட்மேனுக்குச் சிவப்பு உடையும், விறைப்பான இறக்கைகளும், கண்ணை மட்டும் மறைக்கும் சின்ன முகமூடியும்தான் இருந்தன. இறக்கைக்குப் பதில் மேலங்கி, தலையை மூடும் முகமூடி, சாம்பல் நிறம் என்று சொன்னவர் ஃபிங்கர். காத்தம் நகரம், புரூஸ் வெய்ன் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். 1974-இல் இறந்தார். பேட்மேனைப் படைத்தவர்களில் ஒருவர் என்று அவர் பெயரைச் சேர்க்க 2015 வரை ஆனது. மார்க் டைலர் நோபிள்மேன் என்ற எழுத்தாளர் விடாமல் தேடி அவருடைய பேத்தியைக் கண்டுபிடித்து, குடும்பத்தோடு நின்று கேட்டதால் அதுவும் நடந்தது.

ஃபிங்கர் பெயர் வந்த முதல் திரைப்படம் 2016-இன் 'பேட்மேன் வி சூப்பர்மேன்'. அந்தப் படத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஃபிராங்க் மில்லர், கிளாஸ் ஜான்சன், லின் வார்லி மூவரும் 1986-இல் கொண்டுவந்த 'தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்' கதையிலிருந்து இரும்புக் கவசத்தை எடுத்தார்கள், சண்டையை எடுத்தார்கள், மின்னல் வெட்டும் வானத்தைக்கூட எடுத்தார்கள். ஆனால் அந்தக் கதையில் மோதிக்கொள்பவர்கள் வாழ்நாள் முழுக்க ஒருவரையொருவர் அறிந்த இரண்டு மூத்த மனிதர்கள். பழைய நட்பு கசந்துபோய் விழும் அடி அது, அதனால்தான் வலிக்கிறது. படத்தில் அவர்கள் சந்தித்தே சில நாள்தான் ஆகிறது. ஓவியங்கள் வந்து சேர்ந்தன, அவற்றுக்குப் பின்னால் இருந்த வருடங்கள் வரவில்லை.

ஆனால் அதே படம் இன்னொரு விதத்தில் மற்றவர்களைவிட நேர்மையாக நடந்துகொண்டது. அதில் ஒரு சின்ன வில்லன் வருகிறான். டி.சி. காமிக்ஸில் கே.ஜி.பீஸ்ட் என்ற பெயரில் அவனை உருவாக்கியவர்கள் ஜிம் ஸ்டார்லினும் ஜிம் அபாரோவும். அவனுக்காகத் தனக்கு வந்த காசோலை, மார்வெல் படங்களில் தானோஸ், கமோரா, டிராக்ஸ் மூவருக்கும் சேர்த்து அதுவரை கிடைத்ததைவிட மிகப் பெரியது என்று ஸ்டார்லின் 2017-இல் வெளிப்படையாக எழுதினார். தானோஸ் 1973-இல் ஸ்டார்லின் கையிலிருந்து வந்தவன். அவனை வைத்து நீங்கள் எடுத்த 'எண்ட்கேம்' மட்டும் 279 கோடி டாலர் வசூலித்தது. பிறகு அவர் பேசி இதைவிட நல்ல ஒப்பந்தம் வாங்கினார் என்பது எனக்குத் தெரியும். அவர் ஏன் பொதுவில் பேசி வாங்க வேண்டியிருந்தது?

எட் புரூபேக்கரின் கதை இன்னும் மனதைப் பிசைகிறது. கேப்டன் அமெரிக்காவின் பழைய நண்பன் பக்கி பார்ன்ஸை விண்டர் சோல்ஜராகத் திரும்பக் கொண்டுவந்தவர்கள் அவரும் ஓவியர் ஸ்டீவ் எப்டிங்கும். 2014-இன் 'கேப்டன் அமெரிக்கா: தி விண்டர் சோல்ஜர்' படத்தில் புரூபேக்கர் சில நொடிகள் தலைகாட்டுகிறார். அந்தச் சில நொடி நடிப்புக்கு வந்த தொகை, பாத்திரத்தைப் படைத்ததற்கு வந்ததைவிட அதிகம் என்று அவரே சொல்லியிருக்கிறார். படம் முடிந்து ஓடும் நன்றிப் பட்டியலில், கூட்டம் எழுந்து வெளியே போகும்போது, இப்படிப்பட்டவர்களின் பெயர்கள் சின்ன எழுத்தில் போகும். நான் நின்று படிப்பேன்.

'அவர்கள் சம்பளத்துக்கு வரைந்தார்கள், சட்டப்படி எல்லாம் நிறுவனத்துடையது' என்று சொல்வீர்கள். சரி. சட்டம் உங்கள் பக்கம்தான் பெரும்பாலும் நின்றிருக்கிறது. காசோலையின் பின்பக்கத்தில் உரிமையை எழுதிக் கொடுக்கும் வாசகத்தை அச்சடித்து, அதன் கீழே கையெழுத்துப் போட்டால்தான் பணம் என்று வைத்திருந்த காலத்தில் வேலை செய்தவர்கள் அவர்கள். வீட்டு வாடகை கட்ட வேண்டியவர் கையெழுத்துப் போடாமல் என்ன செய்வார்? மார்வெலின் பல பாத்திரங்களை வரைந்து படைத்த ஜாக் கிர்பியின் குடும்பத்தோடு நடந்த உரிமை வழக்கும், அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை எடுப்பதா என்று முடிவு செய்யவிருந்த நேரத்தில், 2014-இல் சமரசத்தில் முடிந்தது. கிர்பி இறந்து இருபது வருடம் ஆகியிருந்தது.

நல்லது செய்ததையும் சொல்ல வேண்டும். ராக்கெட் ரக்கூனைக் கீத் கிஃபனோடு சேர்ந்து படைத்த பில் மான்ட்லோ 1992-இல் ஒரு வாகனம் மோதிவிட்டு நிற்காமல் போனதில் மூளையில் அடிபட்டு, பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். 2014-இல் 'கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி' வந்தபோது அவருக்கென்றே தனியாக ஒரு காட்சி போட்டுக் காட்டினீர்கள். அதைப் படித்த அன்று உங்கள் மேல் எனக்கு வந்த மரியாதை இன்னும் இருக்கிறது. ஆனால் அவருக்காக ரசிகர்கள் பணம் திரட்ட வேண்டிய நிலை இருந்ததும் உண்மை.

நான் கேட்பது இதுதான். படம் தொடங்கும்போதே, நடிகர்கள் பெயருக்கு முன்னால், எந்தக் கதையிலிருந்து எடுத்தீர்கள் என்று போடுங்கள். பாத்திரத்தை முதலில் படைத்தவர் பெயர் மட்டும் போதாது. இதழின் பெயர், வருடம், எழுதியவர், வரைந்தவர், மை தீட்டியவர், வண்ணம் கொடுத்தவர் எல்லோரும் வர வேண்டும். ஐந்து நொடி போதும். அந்த ஐந்து நொடியில் என் அக்கா மகனைப் போன்ற ஒருவன் பெயரைப் பார்த்துவிட்டு அந்தப் புத்தகத்தைத் தேடுவான். அந்தப் புத்தகம் அப்போது கடையில் கிடைக்க வேண்டும், அதையும் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பணமும் அப்படித்தான். பேசத் தெரிந்தவருக்கு ஒரு தொகை, பேசாதவருக்கு ஒரு விருந்து அழைப்பு என்றில்லாமல், வசூலில் இத்தனை பங்கு என்று எழுதிவைத்து எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுங்கள். இறந்தவர்களின் பங்கு அவர்கள் குடும்பத்துக்குப் போகட்டும். டி.சி.யில் புதுப் பாத்திரம் படைப்பவருக்குப் பங்கு தரும் ஏற்பாடு பல காலமாக இருக்கிறது. அதனால் அந்த நிறுவனம் ஒன்றும் மூழ்கிவிடவில்லை. முடியாது என்று மற்றவர்கள் சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

அடுத்து வில்லன் டாக்டர் டூமை அவெஞ்சர்ஸுக்கு எதிரே நிறுத்தப்போகிறீர்கள். அந்த இரும்பு முகமூடியையும் பச்சை மேலங்கியையும் கிர்பி வரைந்து 1962-இல் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' ஐந்தாம் இதழில் வந்தது. அந்தப் படத்துக்கும் முதல் நாளே வருவேன், அக்கா மகனும் கூட வருவான். விளக்கு அணைந்ததும் முதலில் என்ன பெயர் வருகிறது என்று பார்ப்போம்.

இப்படிக்கு,
காமிக்ஸ் படிக்கும் ஒரு ரசிகன்