ஓய்வு பெற்ற என் ஆல்ரவுண்டர் நண்பனுக்கு

அன்பு நண்பா,

உன் பாராட்டுக் கூட்டத்துக்கு வராததற்கு மன்னித்துக்கொள். வங்கியில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் வாரம் என்பது உண்மைதான். ஆனாலும் மனமிருந்தால் இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கியிருக்கலாம் என்பது உனக்கும் தெரியும். வந்திருந்தால் மேடையேறிப் பேசச் சொல்லியிருப்பார்கள், எனக்குப் பேச்சு வந்திருக்காது. ஆனால் அந்தக் கூட்டத்தில் நீ, "கடைசிவரைக்கும் பாதி பேட்ஸ்மேன், பாதி பௌலர்னே இருந்துட்டேன்" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டதிலிருந்து மனம் ஆறவில்லை. எல்லோர் முன்னிலையிலும் நீ சொன்னதை எல்லோர் முன்னிலையிலும்தான் மறுக்க வேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறேன். சென்னை லீக் கிரிக்கெட் வட்டாரத்தில் பலர் இதைப் படிப்பார்கள். ஆகவே உன் பெயரையும் நம் கிளப்பின் பெயரையும் தவிர்த்துவிடுகிறேன்.

குருநானக் கல்லூரி மைதானத்தில் அந்த மார்ச் மாத ஆட்டம் உனக்கு நினைவிருக்கும். ஸ்கோர் உனக்கே தெரியும், நான் பார்த்ததைச் சொல்கிறேன். நெடுநேரம் ஒரே முனையிலிருந்து பந்து வீசிவிட்டு வந்து உட்கார்ந்தாய். ஆள்காட்டி விரலில், நடுவிரலைப் பார்த்த பக்கத்தில், பந்தின் தையல் உரசி உரசித் தடித்துப்போன தோல் பிளந்திருந்தது. பந்து வீசும் கையில் பிளாஸ்திரி ஒட்டினால் நடுவர் கழற்றச் சொல்லிவிடுவார் என்று வெறும் விரலோடே வீசியிருந்தாய். எவர்சில்வர் டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றி விரலை அதற்குள் விட்டுக்கொண்டு நீ கண்ணை மூடியிருந்தபோதே, நம் பக்கத்தில் மளமளவென்று ஐந்து விக்கெட் விழுந்துவிட்டது. நான்தான் உனக்குக் காலில் பேட் கட்டிவிட்டேன். பிளாஸ்திரி சுற்றிய விரலை கிளவ்ஸுக்குள் நுழைத்தபோது நீ பல்லைக் கடித்துக்கொண்டது எனக்கு மட்டும்தான் தெரியும்.

தண்ணீர் இடைவேளையில் மாற்று கிளவ்ஸ் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். பழையது ரத்தத்தில் ஒட்டிக்கொண்டு கழல மறுத்தது. "மெதுவாடா" என்றாய். அடுத்த நொடியே, "அவன் கையில எது நேரா வருதுன்னு வெளியிலேர்ந்து தெரியுதா?" என்று கேட்டாய். அந்த இடது கை ஸ்பின்னர், சுழலாமல் நேராக வரும் பந்துக்கு மட்டும் கொஞ்சம் வேகமாக ஓடி வருவதை நான் கவனித்து வைத்திருந்தேன், சொன்னேன். மறுநாள் மதியம்வரை நீ ஆட்டமிழக்கவில்லை.

யாருடைய இடத்தில் நீ ஆடிக்கொண்டிருந்தாயோ அவனிடமே அதைக் கேட்டாய் என்பது அப்போது உனக்கு உறைத்ததா? அந்தப் பருவம் முழுக்க நான் பன்னிரண்டாவது ஆளாக, வெளியே உட்காரும் மாற்று ஆட்டக்காரனாக இருந்ததற்கு ஒரே காரணம், நீ ஏழாவது இடத்தில் பேட்டிங்கும் செய்வாய் என்பதுதான். ஆஃப் ஸ்பின்னில் உன்னைவிட நான் நல்ல பௌலர்; இதை இன்றும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒருமுறையாவது கேப்டனிடம் நீ அதைச் சொல்லியிருக்கலாம். அதன் பிறகு நடந்த மாநில அணித் தேர்வைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அதில் சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் பொறுப்பில் இருக்கிறார்கள், உனக்கும் இனி அவர்கள் தயவு தேவைப்படும்.

ஆனாலும் நீ பாதியாக இருந்தாய் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நெட்ஸ் பயிற்சியில் நாங்கள் எங்கள் ஒரு வேலையை முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். நீ இரண்டு மணி நேரம் பந்து வீசிவிட்டு, வெளிச்சம் மங்கும்போது, தேய்ந்த பந்தில் கடைசி ஆளாக பேட்டிங் பயிற்சி எடுப்பாய். நாற்பது ரன் அடித்தால் விக்கெட் எங்கே என்பார்கள், நான்கு விக்கெட் எடுத்தால் ரன் எங்கே என்பார்கள். இரண்டு முழு வேலையைச் செய்தவனிடம் இரண்டு பக்கமும் குறை கண்டார்கள், அவ்வளவுதான்.

இந்த ஊர் ஆல்ரவுண்டர்களை எப்போதும் இப்படித்தான் காக்க வைத்திருக்கிறது. 1934-ல் சேப்பாக்கத்தில் நடந்த முதல் ரஞ்சி ஆட்டத்தில் மைசூருக்கு எதிராகப் பதினொரு விக்கெட் எடுத்த ஏ. ஜி. ராம்சிங், பேட்டிங்கிலும் மெட்ராஸுக்குத் தூணாக இருந்தவர். அவருக்கு அதிகாரபூர்வமான டெஸ்ட் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டு அணியின் ராபின் சிங் 1989-ல் இரண்டு ஒருநாள் ஆட்டம் ஆடிவிட்டு அடுத்த வாய்ப்புக்கு ஏழு வருடம் காத்திருந்தார். கடைசியில் 136 ஒருநாள் ஆட்டம், ஒரே ஒரு டெஸ்ட். வாஷிங்டன் சுந்தரை எடுத்துக்கொள். 2021 மார்ச்சில் அகமதாபாதில் மறுமுனையில் ஆள் இல்லாமல் 96 ரன்னிலேயே நின்றார், அதற்குப் பின் காயமும் சேர்ந்துகொள்ள, அடுத்த டெஸ்டுக்கு 2024 அக்டோபர்வரை ஆயிற்று. அந்தப் புனே டெஸ்டில் முதல் இன்னிங்ஸிலேயே 59 ரன்னுக்கு ஏழு விக்கெட். இத்தனை வருடம் அவர் பாதியாகவா இருந்தார்?

அஸ்வினை எல்லோரும் 537 டெஸ்ட் விக்கெட்டால்தான் நினைக்கிறார்கள். 2024 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் வங்கதேசத்துக்கு எதிராக 144 ரன்னுக்கு ஆறு விக்கெட் போன நிலையில் இறங்கி 113 அடித்து, கடைசி இன்னிங்ஸில் ஆறு விக்கெட்டும் எடுத்தவரை வெறும் பௌலர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தச் சதத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். போன் செய்யவில்லை. வீம்பு என்று வைத்துக்கொள்.

2023-ல் ஐபிஎல்லில் வந்த இம்பாக்ட் பிளேயர் விதி எனக்குப் பிடிக்காமல் போனதும் இதனால்தான். ஆட்டத்தின் நடுவே ஒரு பேட்ஸ்மேனை வெளியே அனுப்பி ஒரு பௌலரை உள்ளே கொண்டுவரலாம் என்றால், இரண்டும் தெரிந்த பையனுக்கு ஓவர் கொடுக்க எந்தக் கேப்டன் மெனக்கெடுவான்? என்னைப் போன்ற தனி ஸ்பின்னருக்கு அது நல்ல விதிதான். என் காலத்தில் இருந்திருந்தால் நான் வெளியே உட்கார்ந்திருக்க மாட்டேன். ஆனால் அந்த விதிக்குள் உன்னைப் போல் ஒருவன் உருவாவது கடினம்.

வேளச்சேரியில் நீ பயிற்சி மையம் தொடங்கப்போவதாகச் சொன்னார்கள். வரும் பையன்களிடம் பதினான்கு வயதிலேயே பேட்டிங்கா பௌலிங்கா என்று கேட்டு ஒன்றை விடச் சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு விடுமுறைதான். ஆஃப் ஸ்பின் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம். கூப்பிட வேண்டியது நீதான். இந்த முறை நானாக வந்து நிற்க மாட்டேன்.

அன்புடன்,
உன் பன்னிரண்டாவது ஆள்