எங்கள் பிள்ளைகள் மாலையில் எப்படி நடக்கிறார்கள் என்று கேளுங்கள்

பேராக் மாநிலத் தோட்டப்புறங்களில் பணிபுரியும் சுகாதாரக் கிளினிக் மருத்துவர்களுக்கும், குழந்தைநல மருத்துவர்களுக்கும், மாநிலச் சுகாதார இலாகா அதிகாரிகளுக்கும் வணக்கம்.

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக வேலை செய்கிறேன். என் மகளுக்கு இருப்பது செகாவா நோய்; மரபணுப் பழுதால் கால் தசைகள் முறுக்கிக்கொண்டு நடை கெடும் ஓர் அரிய நோய். இதற்குப் பலன் தரும் மாத்திரை பல காலமாகவே இருக்கிறது. ஆனால் நோயின் பெயர் தெரியவே எங்களுக்கு ஆண்டுகள் பிடித்தன. இன்னொரு குடும்பம் அப்படிக் காத்திருக்கக் கூடாது என்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

அவளுக்கு ஆறு வயது நடக்கும்போது வலது பாதம் உள்பக்கமாகத் திரும்பத் தொடங்கியது. காலையில் எழுந்து நன்றாகவே பள்ளிக்குப் போவாள். பிற்பகலில் குதிகால் தரையில் படாது. விளக்கு வைக்கும் நேரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்குப் போவாள். அவளுடைய வலது காலணியின் முன்பகுதி வெளியோரமாகத் தேய்ந்து துணி தெரியும். இடது காலணியோ கடையில் வாங்கியது போலவே இருக்கும். காலையில் திடலில் ஓடுகிற பிள்ளை மாலை டியூஷனுக்கு வரும்போது மட்டும் நொண்டுவதைப் பார்த்தவர்கள், படிக்கப் பிடிக்காமல் நடிக்கிறாள் என்றார்கள். ஒரு குழந்தை தன் உடம்பு படும் பாட்டுக்காகப் பொய்க்காரி என்று பெயர் வாங்குவதை எந்தத் தாயாலும் தாங்க முடியாது.

மருத்துவர்களிடம் போனபோதும் நேரம்தான் எங்களுக்கு எதிராக நின்றது. தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் இருட்டோடு கிளம்பி, கிளினிக் திறக்கும் முன்பே எண் எடுக்கக் காத்திருப்பது உங்களுக்குத் தெரியும். வேனில் என் மடியில் தூங்கியே வரும் பிள்ளை, தூக்கத்தால் தெளிந்த கால்களோடு மருத்துவர் முன் நடந்து காட்டுவாள். பிறகு ஒரு மருத்துவமனையில் முழங்காலில் தட்டினால் கால் துள்ளும் அனிச்சை மிகையாக இருப்பதைக் கண்டு, பெருமூளை வாதம், அதாவது வளரும் மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பால் வரும் அசைவுக் குறைபாடு என்று எழுதினார்கள். மாற்றுத்திறனாளி அட்டைக்கு விண்ணப்பிக்கவும் சொன்னார்கள். பிரசவத்தில் சிக்கல் ஏதும் இல்லை, எம்.ஆர்.ஐ. படத்திலும் குறை ஏதும் இல்லை என்பவை அதே கோப்பில்தான் இருந்தன. ஆனாலும் எழுதிய பெயர் மாறவில்லை.

கோலாலம்பூரில் ஒரு குழந்தை நரம்பியல் நிபுணர்தான் முதன்முதலாக, "எந்த நேரத்தில் அதிகமாகிறது?" என்று கேட்டார். கைப்பேசியில் நான் பிடித்து வைத்திருந்த மாலை நேரக் காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபா என்ற மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கினார். சில நாட்களிலேயே அவள் மாலையில் சுவரைத் தொடாமல் நடந்தாள். பின்னர் மரபணுப் பரிசோதனையும் அதை உறுதிப்படுத்தியது.

ஜப்பானிய மருத்துவர் மசாயா செகாவா 1970களில் விவரித்த இந்த நோய்க்குக் காரணமான ஜிசிஎச்1 மரபணு 1994இல் கண்டறியப்பட்டது. அந்த மரபணு பழுதுபட்டால், உடல் அசைவுகளைச் சீராக்கும் டோபமின் என்ற வேதிப்பொருள் மூளையில் உருவாகத் தேவையான ஒரு துணைப்பொருள் போதிய அளவு சுரப்பதில்லை. தூக்கத்துக்குப் பின் ஓரளவு இருக்கும் டோபமின், பொழுது ஏற ஏறக் குறைகிறது. பெரும்பாலும் முதியவர்களுக்கு வரும் நடுக்க நோயான பார்கின்சனில் நடப்பதுபோல் இங்கே நரம்பணுக்கள் அழிவதில்லை. ஆகவே சிறிய அளவு மருந்தே பல ஆண்டுகளுக்குப் பலன் தருகிறது. ஆண்களைவிடப் பெண்களிடமே இது அதிகம் வெளிப்படுகிறது. பழுதுபட்ட மரபணு இருந்தும் அறிகுறியே இல்லாமல் வாழ்கிறவர்கள் உண்டு. என் கணவரும் அப்படித்தான். எனவே "குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லையே" என்று சொல்லி இந்தச் சந்தேகத்தை ஒதுக்கிவிட முடியாது.

இவையெல்லாம் நீங்கள் படித்தறிந்தவைதாம். என்றாலும், கூட்டம் நிறைந்த காலை நேரத்தில் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் இவை நினைவுக்கு வர வழி வேண்டும். கால் இழுத்து நடக்கும் எந்தப் பிள்ளை வந்தாலும், எந்த நேரத்தில் கூடுகிறது, தூங்கி எழுந்தால் குறைகிறதா என்ற கேள்வியைப் பரிசோதனைத் தாளிலேயே அச்சிடுங்கள். எல்லாப் பிள்ளைகளிடமும் இந்த ஏற்ற இறக்கம் தெரியாது என்பதால், இல்லை என்ற பதிலோடு விட்டுவிடவும் வேண்டாம். பெற்றோர் கொண்டுவரும் காணொளியைப் பார்த்துக் குறிப்பில் பதியுங்கள். மருத்துவர் கேட்காவிட்டால் எங்கள் மக்கள் கைப்பேசியை வெளியே எடுக்கவே தயங்குவார்கள்.

பிறப்பில் பாதிப்பில்லாமல், படத்திலும் குறை தெரியாமல் கால் தசைகள் முறுக்கிக்கொள்ளும் பிள்ளைக்குப் பெருமூளை வாதம் என்று முடிவெழுதும் முன், நிபுணரின் மேற்பார்வையில் லெவோடோபாவைச் சில வாரங்கள் கொடுத்துப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். அரசு மருத்துவமனைகளில் பார்கின்சன் நோயாளிகளுக்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்துதான் இது.

ஏற்கெனவே பெருமூளை வாதம் என்று அட்டை பெற்று, தோட்டங்களிலும் தாமான்களிலும் வீட்டோடு இருக்கும் பிள்ளைகளின் கோப்புகளையும் மாநில இலாகா மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டும். பெருமூளை வாதம் நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே போவதில்லை. நடந்துகொண்டிருந்த பிள்ளை வளர வளர நடை குறைந்ததாகக் கோப்பு சொன்னால், அந்தப் பிள்ளையை மறுபடியும் அழைத்துப் பாருங்கள். உங்கள் மருத்துவர்களுக்கோ தாதியருக்கோ பயன்படும் என்றால், என் மகளின் காலை, மாலைக் காணொளிகளையும் அறிக்கைகளின் நகல்களையும் தரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தோட்டப்புறத் தாய் ஒருவர்
சுங்கை சிப்புட்