ஆண்டறிக்கை 2025: பஞ்சிங் மேசைக்கு லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு நண்பர்களே, கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி யூனிட் உரிமையாளர்களே, படத்தைத் தையல் டிசைனாக மாற்றும் பஞ்சிங் டிசைனர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

2025 திருப்பூரில் யாருக்கும் லேசான ஆண்டாக அமையவில்லை. ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் எக்ஸ்போர்ட் கம்பெனிகளின் ஜாப் வொர்க் சட்டென்று குறைந்தது. இரண்டு ஷிப்ட் ஓட்டியவர்கள் ஒரு ஷிப்டுக்கு இறங்கினார்கள். அப்படியும் மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன, வந்தவர்கள் எல்லோருக்கும் நன்றி. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் அவரைக் கூட்டம் முடிந்ததும் பார்த்துவிடுங்கள்.

இந்த ஆண்டு சங்கத்தில் அதிகம் பேசப்பட்டது கம்ப்யூட்டர் வாங்கும் விஷயம்தான். அதனால் அறிக்கையின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குகிறேன்.

அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. நம் யூனிட்களில் இருக்கும் பழைய டெஸ்க்டாப்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. இன்டெல் பிராசசர் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். ஆர்டர் இல்லாத நேரத்தில் புதுக் கம்ப்யூட்டர் செலவு வந்து நின்றது. கடையில் கேட்டால் எல்லோரும் லேப்டாப்பைத்தான் காட்டுகிறார்கள். எதை வாங்குவது என்று செயலாளரான என்னிடம் கேட்காத உறுப்பினர் குறைவு.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பல ஹெட் (தைக்கும் தலை) உள்ள இயந்திரம் வைத்திருக்கும் யூனிட்டில் இயந்திரத்தை ஓட்டுவது கம்ப்யூட்டர் அல்ல, இயந்திரத்தோடு வரும் கட்டுப்பாட்டுப் பேனல்தான். டிசைன் ஒருமுறை பேனலின் நினைவகத்தில் ஏறிவிட்டால் கம்ப்யூட்டரை அணைத்தாலும் ஊசி நிற்காது. இயந்திரம் படிக்கும் டிசைன் ஃபைலான டிஎஸ்டியில் ஒரு தையலுக்கு மூன்று பைட்டுகள்தான். 50,000 தையல் உள்ள முதுகு டிசைன்கூட ஏறக்குறைய 150 கிலோபைட்தான் வரும். பழைய 1.44 எம்பி ஃப்ளாப்பியிலேயே இதுபோல் பல டிசைன்கள் அடங்கின. ஆகவே இயந்திரம் பெரிது என்பதற்காகப் பெரிய கம்ப்யூட்டர் தேவையில்லை. கம்ப்யூட்டரின் பலம் வேண்டியது பஞ்சிங் மேசையில். படத்தைப் பின்னால் வைத்து, சாட்டின், டட்டாமி என்ற தையல் வகைகளாகப் பிரித்து, அண்டர்லே என்ற அடித்தையல் கொடுத்து, தைத்தால் எப்படி இருக்கும் என்று திரையில் பார்க்கிற வேலைக்குத்தான் ரேமும் எஸ்எஸ்டியும் நல்ல திரையும் வேண்டும்.

அந்த மேசைக்கு என் சிபாரிசு டெஸ்க்டாப். கூட்டங்களில் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன், இப்போது காரணங்களோடு எழுத்தில் வைக்கிறேன்.

மூன்று மில்லிமீட்டர் உயர எழுத்தை 15.6 அங்குலத் திரையில் பஞ்ச் செய்கிற டிசைனர் பாவம், நாள் முழுக்கக் குனிந்தே கிடக்க வேண்டும். 24 அங்குல மானிட்டரை ஒரு முறை ஸ்கேல் வைத்து அளவு சரி செய்துவிட்டால், டிசைனின் நிஜ அளவிலேயே திரையில் பார்க்கலாம். ஒரே விலைக்கு டெஸ்க்டாப்பில் கிடைக்கும் வேகமும் கூடுதல். ஆண்டுக் கடைசியில் ரேம் விலை கிடுகிடுவென ஏறிவிட்டது. இப்போதைக்கு எட்டு ஜிபியோடு வாங்கி, விலை இறங்கியதும் இன்னொரு எட்டு ஜிபியைச் சேர்ப்பது டெஸ்க்டாப்பில் சுலபம். லேப்டாப்பில் சில மாடல்களில் ரேம் போர்டோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும், பிறகு கூட்ட வழியில்லை.

அப்புறம் பஞ்சு. தீபாவளி விடுமுறைக்கு முன்னால் ஒரு உறுப்பினரின் யூனிட்டில் டெஸ்க்டாப்பின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தோம். பிராசசர் மேல் இருக்கும் விசிறியின் இதழ்களே தெரியவில்லை. சாம்பல் நிறப் பஞ்சு, அதற்குள் சிக்கிய ரேயான் நூல் துணுக்குகள், துணிக்கு அடியில் வைக்கும் பேக்கிங் பேப்பரின் தூள் எல்லாம் சேர்ந்து கம்பளித் துண்டு போலப் படிந்திருந்தது. விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு ப்ளோயர் அடித்தோம். கொஞ்ச நேரத்தில் சுத்தமாகிவிட்டது, மறுபடி போட்டதும் சத்தம் பாதியாகக் குறைந்தது. அதே பஞ்சு லேப்டாப்புக்குள் போனால், அடிப்பக்கத் திருகுகளை எல்லாம் கழற்றி, மெல்லிய செப்புத் தகடுகளுக்கு இடையிலிருந்து எடுக்க வேண்டும். பழகாதவர் கை வைத்தால் ரிப்பன் கேபிள் அறுந்துவிடும். எடுக்காமல் விட்டாலோ சூடேறி, கம்ப்யூட்டர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

கரன்ட் போனால் லேப்டாப் நிற்காதே என்று பலர் சொன்னார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் கரன்ட் போனால் இயந்திரமும் நின்றுவிடுகிறது. இப்போதைய பேனல்கள் நின்ற தையலை நினைவில் வைத்துக்கொள்கின்றன. பஞ்சிங் மேசைக்கு வேண்டியது செய்த வேலையைச் சேமித்து மூடும் அவகாசம் மட்டுமே, சின்ன யூபிஎஸ் அதற்குப் போதும். கம்ப்ரசர் ஓடும் லைனில் மட்டும் அதைச் செருகாதீர்கள்.

பழைய இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். ஒன்பது பின் சீரியல் போர்ட் வழியாக டிசைன் வாங்கும் இயந்திரங்கள் இன்னும் சில யூனிட்களில் நன்றாகவே ஓடுகின்றன. புது லேப்டாப்பில் அந்தப் போர்ட் இருக்காது. யுஎஸ்பி கன்வெர்ட்டர் போட்டால் சிலருக்கு வேலை செய்கிறது, சிலருக்குப் பாதி டிசைனில் அறுந்துபோகிறது. டெஸ்க்டாப்பில் ஒரு சீரியல் கார்டு போட்டால் அந்தத் தொல்லை இல்லை. ஃப்ளாப்பி டிரைவ் உள்ள இயந்திரங்களுக்கு, அதே இடத்தில் பொருந்தும் யுஎஸ்பி எமுலேட்டர் மாட்டலாம். அதை மாட்டிய உறுப்பினர்கள் திருப்தியாகச் சொல்கிறார்கள். பழைய பஞ்சிங் சாஃப்ட்வேரைத் திறக்கும் சாவியான டாங்கிள் பிரின்டர் போர்ட்டில் செருகும் வகையாக இருந்தால், பழைய கம்ப்யூட்டரை இன்டர்நெட் இணைப்பு இல்லாமல் அதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

லேப்டாப் யாருக்குச் சரி? வீட்டில் ஒரு ஹெட் வைத்து பிளவுஸ் வேலை செய்பவர்களுக்கு, இடம் குறைவாக உள்ளவர்களுக்கு, பையருக்கு நேரில் டிசைன் காட்டப் போகிறவர்களுக்கு. மெல்கோ கம்பெனியின் சில மாடல்கள் போன்ற இயந்திரங்களைக் கேபிளில் இணைத்த கம்ப்யூட்டர் வழியாகத்தான் இயக்க வேண்டும், அங்கேயும் பக்கத்தில் வைக்க லேப்டாப் வசதி. ஆனால் இப்படி நேரடியாக இணைப்பவர்கள் பவர் செட்டிங்கைக் கட்டாயம் மாற்ற வேண்டும். நம் உறுப்பினர் ஒருவர் லேப்டாப்பை இணைத்து ஸ்கூல் சட்டையில் பேட்ஜ் போட்டுக்கொண்டிருந்தார். நீண்ட நேரம் யாரும் கீபோர்டைத் தொடாததால் லேப்டாப் தூங்கப் போய்விட்டது, இணைப்பு அறுந்தது. மறுபடி ஆரம்பித்தபோது ஃபிரேம் நகர்ந்திருந்ததால் எழுத்தின் மேல் எழுத்து விழுந்தது. சட்டை வீண். ஸ்லீப் என்பதை 'ஒருபோதும் வேண்டாம்' என்று வையுங்கள், மூடியை மூடினாலும் ஒன்றும் ஆகாதபடி மாற்றுங்கள், யுஎஸ்பி மின்சேமிப்பை அணையுங்கள், சார்ஜரைக் கழற்றாதீர்கள். யுஎஸ்பி 2.0 கேபிள் ஐந்து மீட்டருக்கு மேல் நம்பகம் இல்லை. தூரத்தில் வைக்க வேண்டுமென்றால் லேன் போர்ட் உள்ள இயந்திரத்துக்கு நெட்வொர்க் கேபிள் இழுங்கள், நூறு மீட்டர் வரை போகும்.

செப்டம்பர் கூட்டத்தில் ஒரு தங்கை எழுந்து கேட்டார்: "அண்ணா, எங்கிட்ட ஆப்பிள் லேப்டாப் இருக்கு, அதுலயே பஞ்சிங் கத்துக்கலாமா?" வில்காம் என்ற பஞ்சிங் சாஃப்ட்வேர் விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. ஆனால் இங்க்ஸ்டிச் என்ற இலவச சாஃப்ட்வேர் ஆப்பிளிலும் லினக்ஸிலும் ஓடும், டிஎஸ்டி ஃபைலும் கொடுக்கும். கற்றுக்கொள்ள அது தாராளமாகப் போதும் என்று சொன்னேன். அவர் முதலில் பஞ்ச் செய்த மல்லிகைக் கொடியின் சாம்பிள் இன்று வரவேற்பு மேசையில் இருக்கிறது. இலைக் காம்பின் தையல் திசையைப் பாருங்கள், அவ்வளவு அழகு.

சங்கத்தின் பயிற்சி அறைக்கு நிர்வாகக் குழு வாங்கியதும் டெஸ்க்டாப்தான். இயந்திர ஓரத்தில் வைக்காமல் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வைத்திருக்கிறோம். கூடவே ஒரு பிரின்டர். டிஎஸ்டி ஃபைலில் கலர் விவரம் இருக்காது என்பதால், கலர் வரிசையை அச்சடித்து ஆபரேட்டர் கையில் கொடுத்தால்தான் சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சை ஓடாது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் ஷிப்ட் மாறும்போது யார் போனில் இருக்கிறது என்றே தெரிவதில்லை.

புதுக் கம்ப்யூட்டர் இப்போது முடியாதவர்கள் கலங்க வேண்டாம். விண்டோஸ் 10க்குப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். பதிவு செய்யத் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை பயிற்சி அறைக்குக் கம்ப்யூட்டரோடு வாருங்கள், செய்து தருகிறோம்.

என்னை உண்மையாகவே கவலைப்படுத்துவது பென் டிரைவ். ஒரே பென் டிரைவ் பஞ்சிங் சென்டருக்கும், ஜெராக்ஸ் கடைக்கும், நாலு யூனிட்டுக்கும் போய் வருகிறது. ஷார்ட்கட் வைரஸ் வந்து ஃபைல்கள் மறைந்த புகார்கள் இந்த ஆண்டு தொடர்ந்து வந்தன. லேப்டாப், டெஸ்க்டாப் எதுவானாலும் இதற்கு விதிவிலக்கு இல்லை. டிசைனரின் பல நாள் உழைப்பு ஒரே கம்ப்யூட்டரில் மட்டும் இருப்பது பெரிய ஆபத்து. டிஎஸ்டி மட்டும் மிஞ்சினால் போதாது. அதைப் பெரிதாக்கினால் தையல் அடர்த்தி கெட்டுப்போகும், திருத்துவதற்கு மூல ஃபைல்தான் வேண்டும்.

ஆகவே இரண்டு தீர்மானங்களை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். ஒன்று, ஒவ்வொரு யூனிட்டும் இயந்திரத்துக்கென்று தனி பென் டிரைவ் வைத்து, அதை இயந்திரம் படிக்கும் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து, வெளியே அனுப்பாமல் இருப்பது. இரண்டு, மூல ஃபைல்களின் பிரதியை மாதம் ஒருமுறை தனி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வைப்பது. ஹார்ட் டிஸ்க்குகளைச் சங்கத்தின் வழியாக மொத்தமாக வாங்கினால் விலை குறையும். வேண்டியவர்கள் பெயரைப் பொருளாளரிடம் பதிவு செய்யலாம், முன்பணம் இன்றே கட்ட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
செயலாளர்