கத்தரி காய்க்கத் தேன்பெட்டி வேண்டாம்

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. கத்தரி பூத்துப் பூத்துக் கொட்டுகிறது, பறங்கிப் பிஞ்சு கட்டைவிரல் அளவிலேயே மஞ்சளாகி அழுகுகிறது, மாடியில் ஒரு தேன்பெட்டி வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். முன்பணம் கொடுக்காமல் இருந்தால் கொஞ்சம் பொறு. தேனுக்காகப் பெட்டி வாங்கு, நல்லது. கத்தரி காய்க்க வேண்டும் என்று வாங்கினால் அந்தக் காசு வீண்.

ஒரு கத்தரிப் பூவைக் காம்போடு கிள்ளித் திருப்பிப் பார். நடுவில் மஞ்சள் மகரந்தப்பைகள் கூம்பாகச் சேர்ந்து நிற்கும். அவை பக்கவாட்டில் வெடிப்பதில்லை, நுனியில் மட்டும் சிறு துளை. மிளகுத்தூள் குப்பியைக் கவிழ்த்துக் குலுக்குவது போலப் பூவை அதிர வைத்தால்தான் மகரந்தம் உதிரும். சில தேனீக்களுக்கு அது கைவந்த கலை. பூவைக் காலால் கவ்விக்கொண்டு, இறகை விரிக்காமல் பறக்கும் தசையை மட்டும் துடிக்க வைக்கும். அப்போது வருகிற ‘ர்ர்ர்’ சத்தம் பறக்கும்போது வருவதைவிடக் கீச்சென்று இருக்கும், பக்கத்தில் நின்றாலே கேட்கும். பெட்டியில் வளர்க்கிற இந்தியத் தேனீக்கோ இத்தாலியத் தேனீக்கோ இது வராது. கொட்டாத சின்னக் கொசுத்தேனீக்கும் வராது. சுண்டை, மணத்தக்காளிக்கும் இதே அமைப்புதான். தக்காளியின் பை உட்பக்கமாக வெடித்தாலும், மகரந்தம் கூம்பின் நுனி வழியாகத்தான் வர வேண்டும், அதனால் அதற்கும் அதிர்வு வேண்டும். மிளகாயின் பை மட்டும் பக்கவாட்டில் வெடிப்பதால் அதற்கு இந்த அதிர்வு தேவையில்லை.

நம் ஊரில் இந்த வேலையைச் செய்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று, வயிற்றில் நீல வளையங்கள் போட்ட தேனீ; அமெஜில்லா என்பார்கள். ஓரிடத்தில் நிற்காது, விர்ரென்று வந்து ஒரு நொடி அந்தரத்தில் நின்று அடுத்த பூவுக்குப் போய்விடும். இன்னொன்று நாம் கருவண்டு என்று விரட்டுகிற தச்சன் தேனீ. இரண்டுமே கூட்டமாக வாழ்வதில்லை. ஒவ்வொரு பெண் தேனீயும் தனக்கென்று கூடு அமைத்து முட்டையிடும். காக்க வேண்டிய தேனடை இல்லாததால் தேடி வந்து கொட்டாது, கையில் பிடித்து நசுக்கினால்தான் கொட்டும். உன் பேரப்பிள்ளைகளை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

இவற்றுக்கு மாடியில் இடம் செய்வது சுலபம். நீலத்தேனீ மண்ணைத் துளைத்துக் கூடு வைக்கும். களிமண்ணோடு கொஞ்சம் மணல் கலந்து குழைத்து, பழைய தொட்டியிலோ உள்ளே பொள்ளலான சிமெண்ட் கல்லிலோ இறுக்கி அடைத்துப் பக்கவாட்டில் படுக்க வை. ஈரமாக இருக்கும்போதே பென்சில் பருமனில், ஓர் அங்குல ஆழத்துக்கு ஏழெட்டுத் துளை போடு. காய்ந்ததும் நகத்தால் கீறிப் பார். கீறல் விழ வேண்டும். விழாவிட்டால் மண் அதிகக் கெட்டி, தேனீயால் தோண்ட முடியாது. மணலைக் கூட்டிக் குழை. கைபட்டதுமே உதிர்ந்தால் களிமண்ணைக் கூட்டு. சாரல் படாத இடத்தில் வைப்பதுதான் முக்கியம். நனைந்தால் உள்ளே இருக்கிற புழு பூசணம் பிடித்துச் செத்துப்போகும். கருவண்டுக்கு ஒரு காய்ந்த முருங்கைக் கட்டையோ, ஒரு பக்கம் கணு மூடிய மூங்கில் துண்டோ கட்டி வைத்தால் போதும். வர்ணம் அடிக்காத மரச்சட்டம் இருந்தால் அதையும் துளைக்கும், அதனால் கட்டையைக் கதவு ஜன்னலுக்குத் தள்ளியே கட்டு. தொட்டிகள் எல்லாவற்றிலும் தேங்காய் நாரைப் பரப்பி மூடிவிடாதே. ஒன்றிரண்டில் மண் வெறுமையாகத் தெரியட்டும்.

அவை வருகிற வரைக்கும் நீயே அதிர வைக்கலாம். காலை ஏழிலிருந்து பத்துக்குள், பேட்டரி பல்துலக்கியின் முதுகைப் பூக்காம்பில் இரண்டு மூன்று நொடி வைத்து எடு. அது இல்லையென்றால் காம்பை விரலால் நாலைந்து தடவை சுண்டிவிடு.

ஆனால் கொட்டுகிற பூவெல்லாம் இதனால்தான் கொட்டுகிறது என்று நினைக்காதே. கத்தரியில் பூவுக்குப் பூ சூலகத்தண்டின் நீளம் மாறும். மஞ்சள் கூம்பைத் தாண்டிப் பச்சை முனை வெளியே நீண்டிருந்தால் அது காய்க்கும் பூ. முனை கூம்புக்குள்ளேயே அமுங்கியிருந்தால் அது எப்படியும் உதிரும். உரம் போட்டாலும் நிற்காது, மருந்தடித்தாலும் நிற்காது. உன் படத்தில் செடி நெஞ்சளவு உயரம் போய், கீழே முற்றிய காய்கள் தொங்குகின்றன. முதலில் அவற்றைப் பறித்துவிடு. பிறகு தரையிலிருந்து ஓரடி விட்டு மூன்று நான்கு கிளையோடு வெட்டிக் கவாத்து செய்து, தொட்டிக்கு இரண்டு கை மட்கிய சாணம் வை. வாடித் தொங்கும் குருத்து இருந்தால் அதற்குள் தண்டுத்துளைப்பான் புழு இருக்கும். கிள்ளி எடுத்துப் புழுவை நசுக்கிவிடு, செடியடியிலேயே போட்டுவிடாதே.

தக்காளியின் கதை வேறு. பகலில் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் தணியாமல் இருந்தால் அதன் மகரந்தமே வீரியம் இழந்துவிடும். மதுரை வெயிலில், அதுவும் மொட்டை மாடியில், எந்தத் தேனீ வந்தும் பயனில்லை. ஆடியில் புதிதாக நாற்று விடு.

பறங்கிக்கு வருகிறேன். பிஞ்சு அழுகுவது பெரும்பாலும் மகரந்தம் சேராததால்தான். ஆண் பூ விடிகாலையில் விரியும், பத்து மணிக்குள் சுருங்கிவிடும். பெண் பூவும் அந்த ஒரு காலைதான். இதற்கு அதிர்வு வேண்டாம், எந்தத் தேனீ வந்தாலும் சரி. ஆனால் பலமுறை வர வேண்டும். மகரந்தம் அரைகுறையாகப் பட்டால் காய் ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சூம்பிப்போகும். ஆறிலிருந்து எட்டுக்குள் ஓர் ஆண் பூவின் இதழ்களைக் கிழித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் இருக்கிற சூலகமுடியில் எல்லா மடல்களிலும் படும்படி தேய். பாகலுக்கும் காலைதான். சுரையும் பீர்க்கும் சாயங்காலம் விரிகிறவை. காலையில் போய்த் தேடினால் வாடிய பூதான் கிடைக்கும்.

பூவைச் சமைக்கிறாய் என்றால் ஒன்பது மணிக்கு மேல், ஆண் பூவை மட்டும் பறி. அதற்குள் தேனீக்களின் வேலை முடிந்திருக்கும். ஒரு கொடிக்கு இரண்டு மூன்றைச் செடியிலேயே விட்டுவிடு. உள்ளே பூச்சி இருக்கும், உதறிவிட்டு நடுத்தண்டையும் அடியில் இருக்கிற பச்சை முட்களையும் கிள்ளி எறி, கசக்கும். பதினைந்து பூவுக்கு இரண்டு மேசைக்கரண்டி பாசிப்பருப்பை அரைமணி ஊற வை. கடுகு, கிள்ளிய மிளகாய், ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம் தாளித்து, பருப்பைப் போட்டுத் தண்ணீர் தெளித்து மூடி, நசுங்கும் பதம் வந்த பிறகுதான் பூவைப் போட வேண்டும். பூ இரண்டு நிமிஷத்தில் வெந்துவிடும். முதலிலேயே போட்டால் தண்ணீர் விட்டுக் கூழாகும். உப்பைக் கடைசியில் போட்டு, தேங்காய்த் துருவலோடு இறக்கு.

வெயில் இருக்கும்போதே சுண்டை வற்றலை முடித்துவிடு, ஆடிக்காற்று தூசியைக் கொண்டுவந்து கொட்டும். அரைக்கிலோ காயை ஒவ்வொன்றாக லேசாக நசுக்கு. நசுக்காத காய் உப்பு இழுக்காது, எண்ணெயில் போட்டால் வெடிக்கும். அலசி, விதையில் கொஞ்சம் போனதும் அரை லிட்டர் புளித்த மோரில் மூன்று மேசைக்கரண்டி கல்லுப்பு கரைத்து ஊற வை. மறுநாள் காயை மட்டும் வடித்துக் காய வைத்து, சாயங்காலம் அதே மோரில் போடு. மோர் வற்றும் வரைக்கும் இதேபடி. அப்புறம் கலகலவென்று சத்தம் வரும்வரை நன்றாகக் காய வேண்டும். ‘போதும்’ என்று ஒரு நாள் முன்னதாக டப்பாவில் போட்டால் பத்து நாளில் பூசணம்.

சுரைக்காய் பற்றி ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நறுக்கும் முன் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பார். கசந்தால் மொத்தத்தையும் தூக்கிப் போடு. கசப்பு நஞ்சு, வேக வைத்தாலும் போகாது. பச்சையாகச் சாறு பிழிந்து குடிக்கிறவர்கள் அதனால் ஆஸ்பத்திரி வரை போயிருக்கிறார்கள். விதை எடுக்கும்போதும் இதை நினைவில் வை. தேனீயும் அந்துப்பூச்சியும் எங்கிருந்தோ கசப்புச் சுரையின் மகரந்தத்தைக் கொண்டு வந்தால் இந்த வருஷக் காய் இனிப்பாகவே இருக்கும், அதன் விதையிலிருந்து வரும் காய்தான் கசக்கும். விதைக்கு விடுகிற பெண் பூவையும் ஓர் ஆண் பூவையும் விரியும் முன்பே துணிப்பை கட்டி மூடி, விரிந்ததும் கையால் சேர்த்து, பிஞ்சு பிடிக்கும்வரை பையைக் கழற்றாதே.

கொசுத்தேனீ கேட்டிருந்தாய். உங்கள் பழைய வீட்டுச் சுவர் இடுக்கில் பிசின் குழாய் நீட்டிக்கொண்டிருந்தால் அதுதான். வெள்ளையடிக்க வருகிறவர்கள் சிமெண்ட் வைத்து அடைத்துவிடாமல் பார்த்துக்கொள். வெள்ளரி, கொத்தமல்லிப் பூ, மிளகாய்க்கு அது நல்ல துணை. மொட்டை மாடி வெயிலில் அதன் கூடு தாங்காது, நிழலிலேயே இருக்கட்டும். கூட்டைப் பிரிப்பதென்றால் மழை முடிந்து தை, மாசியில் பார்க்கலாம்.

வேப்பெண்ணெய் அடிப்பதாக இருந்தால் லிட்டருக்கு 5 மில்லி, சோப்புக் கரைசலோடு, பொழுது சாய்ந்த பிறகு, பூவில் படாமல் அடி. இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து மட்டும் வேண்டாம். வேர் வழியாக ஏறித் தேனிலும் மகரந்தத்திலும் வந்துவிடும்.

திருநீற்றுப்பச்சிலை விதையும் கிலுகிலுப்பை விதையும் தனித்தனிப் பொட்டலமாக இதோடு வைத்திருக்கிறேன். பச்சிலையை மூன்று தொட்டியில் பத்து நாள் இடைவெளி விட்டு விதை, பூ விட்டுப்போகாமல் இருக்கும். கிலுகிலுப்பையைக் கத்தரிக்குப் பக்கத்தில் வை, கருவண்டு அதற்குத்தான் முதலில் வரும். கவாத்து செய்த கத்தரி திரும்பப் பூத்ததும், நீண்ட முனைப் பூ எத்தனை, அமுங்கிய முனைப் பூ எத்தனை என்று ஒரு செடியில் எண்ணி எழுது.

அன்புடன்,
மல்லிகா