‘பொட்டாஷ் 50’ உர மூட்டையின் முகப்பு அச்சு குறித்த புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு மேலாளர் அவர்கள்

பொருள்: மூட்டைகளைத் திரும்பப் பெறவும் முகப்பு அச்சைத் திருத்தவும் கோருதல்

ஐயா,

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை பயிரிட்டு வரும் நான், காய் திரளும் பருவத்தில் சொட்டுநீர் வழியாகக் கொடுப்பதற்காகத் தங்கள் நிறுவனத்தின் ‘பொட்டாஷ் 50’ உரத்தை 25 கிலோ மூட்டைகளாக நான்கு வாங்கினேன். முகப்பில் ‘50% பொட்டாசியம்’ என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. 50 என்றால் இங்குள்ள விவசாயிகளுக்குச் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் (பொட்டாசியம் சல்பேட்) உரம்தான். மூட்டையின் அடியில், தையலை ஒட்டிப் பொடி எழுத்தில் இருந்ததோ ‘பொட்டாசியம் குளோரைடு’, அதாவது மியூரியேட் ஆஃப் பொட்டாஷ்.

தொலைபேசியில் கேட்டபோது, உள்ளே தனிமமாகப் பொட்டாசியம் 50 விழுக்காடு இருப்பதால் அச்சிட்ட எண் சரியே என்று தங்கள் அலுவலர் விளக்கினார். கணக்கு சரிதான், ஆனால் உரத்துக்கு அப்படிக் கணக்கிடுவது வழக்கமில்லை. உர மூட்டையில் பொட்டாஷ் என்பது, பயிரின் சாம்பலை ஆக்சைடுகளாகக் கணக்கிட்ட பழைய முறையின்படி, பொட்டாசியம் ஆக்சைடின் அளவாகவே சொல்லப்படுகிறது. மூட்டைக்குள் அந்த ஆக்சைடு இல்லை என்பது வேறு செய்தி. அந்த ஆக்சைடின் எடையில் 83 விழுக்காடுதான் பொட்டாசியம். ஆகவே 60 விழுக்காடு பொட்டாஷ் கொண்ட மியூரியேட், தனிமக் கணக்கில் ஏறத்தாழ 50 ஆகிறது. சல்பேட்டின் 50 அதே கணக்கில் 41.5 தான். 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையும் ஆக்சைடு அளவையே கேட்கிறது. தாங்கள் மட்டும் அளவுகோலை மாற்றியதால், மியூரியேட் சல்பேட்டின் எண்ணை அணிந்துகொண்டு, ஏறக்குறைய அதன் விலைக்கே விற்பனையாகிறது.

விலை வேறுபாட்டை விடவும் எனக்குக் கவலை தருவது குளோரைடு. பொட்டாசியம் குளோரைடின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு குளோரைடே. திராட்சைக் கொடி அதை எளிதில் தாங்காது. இலை ஓரம் கருகும். என் கிணற்று நீரே சற்று உவர்ப்பானது என்பதால்தான், மலிவான மியூரியேட்டை விடுத்து, கந்தகமும் சேர்ந்து கிடைக்கும் சல்பேட்டைத் தேடினேன். நெல்லுக்கும் தென்னைக்கும் மியூரியேட் நல்ல உரமே, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எந்த உப்பு என்று தெரிந்து வாங்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு.

ஆகவே, பிரித்த ஒன்று உட்பட நான்கு மூட்டைகளையும் தங்கள் செலவில் எடுத்துக்கொண்டு, முழுத் தொகையையோ, அதற்கு ஈடான சல்பேட்டையோ 15 நாட்களுக்குள் வழங்கவும், இனி வரும் மூட்டைகளின் முகப்பில் உப்பின் பெயரையும் ஆக்சைடு அளவையும் ஒரே அளவு எழுத்தில் அச்சிடவும் வேண்டுகிறேன். தவறினால் வட்டார உர ஆய்வாளரிடமும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திடமும் முறையிடுவேன். ரசீது நகலும் மூட்டையின் இருபுறப் படங்களும் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்