பெடல் வாங்கும் முன் ஒரு சுரம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கிட்டாரில் ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை) பழகுகிறவர்கள் பலர் எங்கள் கடைக்கு வந்து ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். "பென்டாடோனிக் ஸ்கேல், அதாவது ஐந்து சுர வரிசை, கைக்கு மனப்பாடம். ஆனால் சோலோ வாசித்தால் படி ஏறி இறங்குகிற மாதிரியே இருக்கிறது. நல்ல ஓவர்டிரைவ் பெடல் ஒன்று காட்டுங்கள்" என்கிறார்கள். கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் அந்தப் பெடலை விற்பது எங்கள் தொழில், காட்டுகிறோம். ஆனால் இந்தக் குறைக்கு மருந்து பெடலில் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

ஏ மைனர் பென்டாடோனிக்கையே எடுத்துக்கொள்வோம்: ஏ, சி, டி, இ, ஜி. ஐந்தாம் ஃப்ரெட்டில் (ஃப்ரெட் என்பது கிட்டார் கழுத்தின் குறுக்கே உள்ள கட்டம்) எல்லோரும் முதலில் பழகும் விரலமைப்பு, பெட்டி என்பார்கள். கச்சேரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இவை சுத்த தன்யாசியின் சுரங்கள் என்பது உடனே பிடிபடும். ஆனால் அங்கே வெளிச் சுரம் ஒன்றைத் தொட்டால் ராகம் கெட்டுவிடும். ப்ளூஸிலோ தொட்டால்தான் உயிர் வரும்.

பின்னால் ஓடும் கார்டுதான், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டம்தான், காரணம். ஏ-யில் வாசிக்கும் பன்னிரண்டு பார் ப்ளூஸ் (பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று) ஏ7 என்ற கார்டில் தொடங்குகிறது. அந்தக் கார்டுக்குள் இருப்பது, சி-க்கு ஒரு ஃப்ரெட் மேலே உள்ள சி ஷார்ப். நம் ஸ்கேலில் இருப்பதோ சி. இரண்டும் உரசுகிற அந்த இடத்தில்தான் ப்ளூஸின் ஏக்கமே இருக்கிறது. மூன்றாம் தந்தியில் (மிக மெல்லியதே முதல் தந்தி) ஐந்தாம் ஃப்ரெட்டை அடித்து, சத்தம் அடங்கும் முன் நடுவிரலால் ஆறாம் ஃப்ரெட்டைத் தட்டுங்கள். உடனே நான்காம் தந்தி ஏழாம் ஃப்ரெட்டுக்கு வந்து ஏ-யில் நில்லுங்கள். மூன்றே சுரம்தான், ஆனால் ஒரு பேச்சைப் பேசி முடித்த மாதிரி கேட்கும். அப்புறம் தட்டாமல், ஐந்தாம் ஃப்ரெட்டின் சி-யையே லேசாக வளைத்துப் பாருங்கள். சி ஷார்ப் வரை போக வேண்டாம், பாதி தூரம் போதும். எந்த ஃப்ரெட்டிலும் இல்லாத சுரம் அது. எங்களுக்கு ப்ளூஸில் மிகவும் பிடித்ததும் அதுதான்.

ஐந்தாவது பாரில் டி7 வந்ததும் சி ஷார்ப்பை விட்டுவிடுங்கள். அந்தக் கார்டில் இருப்பது வெறும் சி. அங்கே கைகொடுப்பது இரண்டாம் தந்தி ஏழாம் ஃப்ரெட்டில் இருக்கும் எஃப் ஷார்ப். பின்னால் யாரும் வாசிக்காவிட்டாலும், அந்த ஒரு சுரத்திலேயே கார்டு மாறியது காதில் விழும். அமெரிக்காவின் மிசிசிப்பியில் 1925-இல் பிறந்த ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி.பி. கிங், மைனரையும் மேஜரையும் ஒரே வரியில் கலந்து வாசித்தவர். கொஞ்சம் சுரம், நிறைய இடைவெளி. அவருடைய பழைய நேரடிப் பதிவு எதையாவது பொறுமையாகக் கேளுங்கள்.

இ ஃப்ளாட்டை எல்லோரும் முதலில் கற்றுக்கொள்கிறார்கள்: ஐந்தாம் தந்தியில் ஆறாம் ஃப்ரெட், மூன்றாம் தந்தியில் எட்டாம் ஃப்ரெட். அது டி-க்கும் இ-க்கும் நடுவே கடந்து போவதற்கான சுரம். பழகும் காலத்தில் அதில் தங்க வேண்டாம். முதல் தந்தி ஏழாம் ஃப்ரெட்டின் பி, இ7 கார்டு வரும்போது இனிக்கும். இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் சேர்க்காதீர்கள். ஒரு வாரம் முழுக்க சி ஷார்ப் மட்டும் போதும்.

வளைக்கும்போது விரல் வலித்தால் 10 எண் தடிமனுக்குப் பதில், அதைவிட மெல்லிய 9 எண் தந்தி செட் போட்டுப் பாருங்கள். துருப்பிடித்த தந்தியில் சுரம் நிற்காது, மாற்றிவிடுங்கள். பன்னிரண்டாம் ஃப்ரெட்டை அழுத்தி அடிக்கும் சுரமும் அதே இடத்தில் லேசாகத் தொட்டு அடிக்கும் ஹார்மோனிக்கும் ட்யூனரில் (சுருதி காட்டும் கருவியில்) ஒன்றாக வராவிட்டால், கோளாறு உங்கள் விரலில் இல்லை. கிட்டாரைக் கொண்டுவாருங்கள், இன்டொனேஷன், அதாவது ஃப்ரெட்டுகளின் சுருதிப் பொருத்தம், சரிசெய்து தருகிறோம்.

பெடல் பார்க்க வருகிறவர்களும் தங்கள் கிட்டாரோடே வாருங்கள். முதலில் நாங்கள் ஏ7 வாசிக்கிறோம், நீங்கள் அந்த ஆறாம் ஃப்ரெட்டைத் தட்டிக் காட்டுங்கள். அதற்கு அப்புறமும் பெடல் வேண்டும் என்று தோன்றினால் அலமாரியைத் திறக்கலாம்.

அன்புடன்,
உங்கள் கிட்டார் கடையிலிருந்து